அங்க அடையாளம்

கார்த்திகை ஒன்று.
கடைமுழுக்குக் கூட்டம் நேற்றே வடிந்துவிட்டது.
துலாக்கட்டத்துப் படிகளில்
ஈர வாழையிலை, ஒற்றைச் செருப்புகள்.
கெடு முடிந்தது என்று
கருவூலக் கதவில் நானே ஒட்டிய தாளை
மூக்குக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டுத்தான்
உள்ளே வந்தார்.

"உயிரோட இருக்கேன்னு சொல்லணுமாமே."

சொல்ல வேண்டும்.
ஆண்டுக்கு ஒருமுறை,
நலிந்த கலைஞர் என்ற தலைப்பின் கீழ்,
மூன்றாம் நம்பர் ஜன்னலில், என்னிடம்.

புத்தகத்தில் இரா. அபயாம்பாள்.
இந்த ஊரில் அம்மன் பெயரைச் சுமக்கும்
எத்தனையோ பேரில் ஒருவர்.
திரையில் மாயவரம் அபயா,
அதுவும் ஏழெட்டுப் படங்களில்.
மிச்சத்தில் எல்லாம் "மற்றும் பலர்".

அவர் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.
காசநோயில் இரண்டு தடவை.
மருமகள் நீட்டிய பாலில் ஒரு தடவை.
செவ்வாய்க்கிழமை நாடகத்தில்
தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்க
எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.
குத்தாலத்தில் பக்கத்து வீட்டு டிவி முன்னால்
அப்பா சொல்வார்:
"இந்தம்மா வந்துட்டா. யாரோ போகப் போறாங்க."
போனது பெரும்பாலும் இவர்தான்.

அதையெல்லாம் அரசு கணக்கில் எடுப்பதில்லை.

படிவம் நிரப்பும் நேரத்தில் அவராகவே சொன்னார்:
"இருபத்திமூணு வயசுல அம்மா வேஷம்.
தலையில பவுடர் கொட்டி நரைக்க வச்சாங்க.
மகனா வந்தவருக்கு முப்பத்தெட்டு.
அம்மான்னு கால்ல விழுந்தவர்
முட்டி பிடிச்சிக்கிட்டு எழுந்திருக்க முடியலை.
நான்தான் தூக்கிவிட்டேன்.
அதை வெட்டிட்டாங்க."

சிரித்தேன். பிறகு நாலாவது கட்டத்துக்கு வந்தேன்.
அங்க அடையாளம்: வலது கன்னத்தில் மச்சம்.
புத்தகத்துப் படத்தில் இருந்தது.
எதிரே இருந்த கன்னத்தில் இல்லை.

"அது என்னோடது இல்லைம்மா.
சமையல்காரி வேஷத்துக்கு வச்சது.
கையில இருந்த ஒரே போட்டோ அதுதான்.
கொடுத்தேன். உங்க ஆபீஸ்ல நம்பிட்டாங்க."

திருத்தம் என்றால் விண்ணப்பம்,
இரண்டு சாட்சி, சென்னைக்குக் கோப்பு.
ஆறு மாதம் பணம் நிற்கும்.
விதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை
அவர் எடுத்துவிட்டார்.

"வெளிச்சம் எந்தப் பக்கம்?"

நான் காட்டவில்லை. அவரே திரும்பிக்கொண்டார்,
கண்ணாடி கேட்கவில்லை.
பேனா நீலம் என்றேன்.
"கறுப்பு வெள்ளைக்கு நீலம் போதும்."
ஒரே புள்ளி.
படத்தோடு வைத்துப் பார்த்தேன்,
நூலளவு விலகவில்லை.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தது அவர் இல்லை.
அந்த வீட்டில் யார் யாருக்கு எதைக் கலந்தார்கள் என்று தெரிந்தும்
பரிமாறிக்கொண்டே இருந்தாளே, அவள்.
சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவாளோ என்று
வயிறு ஒரு கணம் பயந்தது.

நேரில் கண்டேன், உயிருடன் உள்ளார்
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
யாரைக் கண்டேன் என்று எழுத
அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் மட்டும் மிச்சம்.
ஒரு நாள் பிந்தி வந்தவனுக்கும்
ஆறு கணக்கில் வரவு வைத்த ஊர் இது.
முடவன் முழுக்கு என்று எழுதினேன்.
அதிகாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார்,
சுருக்கொப்பம் போட்டார்.

தூறல் பிடித்திருந்தது.
முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுச்
சாலையைக் கடந்தார்,
கன்னத்தைத் துடைக்காமல்.

பால்பாயிண்ட் மை அது.
இந்தத் தூறலுக்கெல்லாம் கரையாது.
இரண்டு நாள் இருக்கும்.